கை தூக்குவதற்கு முன்னால்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது, இன்டர்னல் மார்க்கில் யாரிடமும் சிக்கிக்கொள்ளாமல் எப்படி இருப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் முப்பத்தோரு வருடம் அரசியல் அறிவியல் நடத்தினேன். கடைசி ஏழு வருடம் துறைத்தலைவர். சம்மதம் என்ற ஒரு தலைப்பில் மட்டும் வருடம் தவறாமல் வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தத் தலைப்பிலேயே தப்பு செய்து, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தை ஊரை விட்டே தள்ளிவைக்கும் நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் உத்தரவு, அதனால் மேடம்தான். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். மாற்றலாகி எங்கள் செங்கல்பட்டுக் கல்லூரிக்கு வந்த அன்று அவர் கேட்டது ஸ்டாஃப் ரூமில் ஒரு ஜன்னலோர நாற்காலிதான். அரசியல் தத்துவத்தில் அவர் எழுதும் கட்டுரைகளை வெளிநாட்டில் படித்துச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்ற விவரம் எங்களுக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை.

நாங்கள் எல்லோரும் அரசியல் கோட்பாட்டை அரசு என்றால் என்ன என்று ஆரம்பிப்போம். பிறகு இறைமை, உரிமை, சுதந்திரம், சமத்துவம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிறுத்திக் கொண்டுபோவோம். மேடம் முதல் வகுப்பில் பலகையைத் தொடவே இல்லை. பிள்ளைகளிடம் கேட்டாராம்: "கடைசியா எப்போ 'வேணாம்'னு சொல்ல நெனச்சு, சொல்ல முடியாம போச்சு? ஒரு பக்கம் எழுதுங்க. பேரு போட வேணாம். எங்கிட்ட குடுக்கவும் வேணாம். உங்க பைக்குள்ள வச்சுக்குங்க. இந்த வருஷம் நான் எந்தக் கோட்பாடு நடத்தினாலும், அந்த ஒரு பக்கத்துக்கு அது என்ன பதில் சொல்லுதுனு பாருங்க."

மக்கள் ஏன் ஆட்சிக்குச் சம்மதிக்கிறார்கள் என்று காலங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறோம். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். சம்மதித்தவரால் மறுத்திருக்க முடியுமா? மறுத்திருந்தால் நாளைக்குக் காலையில் அவருக்கு என்ன ஆகியிருக்கும்? இந்த 'நாளைக்குக் காலையில' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். ஜனநாயகம், ஒப்பந்தம், பெரும்பான்மை என்று எவ்வளவு பெரிய வார்த்தையைக் கொண்டுவந்தாலும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் உள்ளே விடமாட்டார். மறுக்க முடியாத ஆளிடமிருந்து தொடங்காத கோட்பாடு, ஆள்கிறவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நன்னடத்தைச் சான்றிதழ் என்பது அவர் கட்சி.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "மேடம், இது அரசியல் கோட்பாடா, கவுன்சலிங்கா?" என்று எல்லோர் முன்னாலும் சீண்டினேன்.

"கவுன்சலிங்ல அழறவங்களுக்குத் தண்ணி குடுப்பாங்க சார். நான் அழ வச்சது யாருனு கேக்கறேன்" என்றார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நானும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் துறைக் கூட்டம். சனிக்கிழமைகளிலும் வகுப்பு வைக்கலாம் என்று நான் முன்மொழிந்தேன். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றேன். எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினேன். வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "எட்டு கை தூக்குச்சு சார். அதுல ஆறு கை, உங்கள ஒரு தடவ பாத்துட்டுத்தான் தூக்குச்சு. கைய எண்ணாதீங்க. கை தூக்கறதுக்கு முன்னால கண்ணு யார்கிட்ட போகுதுனு பாருங்க."

அந்த ஆறு பேரும் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுடைய அடுத்த வருட வேலை என் கையெழுத்தில் இருந்தது. அவர் சொன்னது புரியவே இல்லை என்று சொன்னால் பொய். புரிந்தது, பிடிக்கவில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு அவர் வகுப்புதான் பிடித்தது. எனக்குப் பொறாமை. அதை இன்று வெட்கமில்லாமல் சொல்ல முடிகிறது. அவருடைய பயிற்சியை நானும் என் வகுப்பில் செய்தேன், ஒரு சின்ன மாற்றத்தோடு. அசைன்மென்டாகக் கொடுத்தேன். பெயர், வரிசை எண் போட்டு எழுதி என்னிடம் கொடுக்க வேண்டும், அதற்கு இன்டர்னல் மார்க் உண்டு. அவர் எதற்காகக் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

வந்த தாள்களில் ஒன்று என்னை உலுக்கியது. எழுதியவள் இரண்டாம் வருடம் படித்த சங்கீதா. மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்தவள். குப்பத்துப் பெண்கள் கருவாடு காயவைக்கும் மணலை, புதிதாக வந்த ஒரு ரிசார்ட்டுக்குக் கார் நிறுத்த விட்டுக்கொடுப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. கூட்டத்தில் ஆண்கள் மட்டும்தான் உட்காருவார்கள், பெண்கள் சுவரோரம் வெளியே நிற்பார்கள். ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். அவர் எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டார். சங்கீதா எழுதியிருந்தாள்: 'எங்கம்மா வாயைத் திறந்தார். எங்கப்பா கடலுக்குப் போவது நாட்டாரின் படகில். எங்கம்மா வாயை மூடிக்கொண்டார். ஊர் ஒருமனதாக முடிவெடுத்தது என்று மைக்கில் சொன்னார்கள்.'

இப்படி ஒரு தாளை முப்பது வருடத்தில் நான் திருத்தியதில்லை. துறை மலரில் போட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். வராந்தாவில் அவளை நிறுத்தி, "மலர்ல போடலாமாம்மா? பேரு வராது" என்றேன். என் பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். என் கையில் அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர்.

"சரி சார்" என்றாள்.

சம்மதம் வாங்கியாயிற்று. மறுக்க முடியாமல் போனதைப் பற்றி அந்தப் பெண் எழுதிய கட்டுரையை, அந்தப் பெண்ணால் மறுக்க முடியாத இடத்தில் நின்று கேட்டு வாங்கினேன். நம் தொழிலில் இருப்பவனைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு முட்டாள்தனம் வாய்க்காது.

மலர் அச்சானது. பெயரை எடுத்துவிட்டேன், ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டேன். பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் ஓடியது. திருப்போரூரில் இருக்கும் ஒரு பழைய மாணவர் மூலம் அந்தக் குப்பத்துக்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் குப்பத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த ஒரே பெண் சங்கீதாதான். அங்கே யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை.

நான்கு நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் போன் செய்தாள். எனக்கு அல்ல, மேடத்துக்கு. ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனதற்காக அவர்கள் குடும்பத்தின்மேல் ஊர்க் கட்டுப்பாடு போடப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் என்றாள். கட்டுப்பாடு விழுந்தால் அப்பாவை யாரும் படகில் ஏற்றமாட்டார்கள். கரையில் நடக்கும் மீன் ஏலத்தில் அம்மா கூடையோடு நிற்க முடியாது. யாரும் பேசமாட்டார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிடமாட்டார்கள். படிப்பு அன்றோடு முடியும்.

"போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கலாம். எனக்கு ஆள் தெரியும்" என்றேன்.

"குடுக்கலாம் சார். ஞாயித்துக்கிழம ரெண்டு போலீஸ் வந்து நிப்பாங்க. திங்கக்கிழம காலையில?"



ஞாயிறு மதியம் மேடமும் நானும் அந்தக் கூட்டத்துக்குப் புறப்பட்டோம், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ். என் சட்டைப்பையில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன், கருத்துச் சுதந்திரம் பற்றி. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மேடம் கேட்டார்.

"பையில என்ன சார்?"

சொன்னேன்.

"அத எடுக்காதீங்க. அங்க நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான். நீங்க என்ன செஞ்சீங்கங்கறது. அந்தப் பொண்ணு எழுதினது சரியா தப்பானு வாயே திறக்கக் கூடாது."

"மேடம், நான் இந்தத் துறைக்குத் தலைவர்."

"அங்க இல்ல சார்."

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது.

சுனாமிக்குப் பிறகு கட்டிய சமுதாயக் கூடம். உள்ளே நாற்பது ஐம்பது ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஜன்னல்களை ஒட்டிப் பெண்கள். எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மேடம் உட்காரவில்லை, ஜன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அதனால் நானும் நின்றேன்.

நாட்டார் ஐம்பது வயது மனிதர். நான் எதிர்பார்த்த மாதிரி மீசை முறுக்கும் ஆள் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் மலரை மடியில் வைத்திருந்தார்.

"இன்னா வாத்யாரே, எங்க ஊரு வெசயத்த இன்னாத்துக்கு புக்குல போட்ட?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "இந்த எடத்துல எத்தினி பேரு கண்ணு வச்சிகினு கீறான் தெரியுமா? அத்தினி பேருக்கும் பதில் சொல்லிகினு நாங்க இங்க குந்திகினு கீறோம்னா, ஊரு ஒண்ணா கீதுன்ற ஒரு பேச்சாலதான். ஊருக்குள்ள ஒத்தும இல்லனு நீ படிச்சவங்க பாஷையில எழுதிக் குடுத்துட்ட. நாளைக்கி எவனாவது இத்த கையில வச்சிகினு வந்தா நான் இன்னா சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் நான்கு பக்கத்தில் இதற்கு ஒரு வரி பதிலும் இல்லை.

"அஞ்சல, உள்ள வா" என்றார்.

சங்கீதாவின் அம்மா உள்ளே வந்தார். பின்னாலேயே சங்கீதாவும் வந்து கதவருகில் நின்றாள். ஒரே வாரத்தில் பாதியாகியிருந்தாள்.

"ஒனக்கும் எனக்கும் இன்னா பகை? உம் பொண்ணு எழுதுனது பொய்யினு நீயே உன் வாயால சொல்லிடு. இத்தோட வுட்றலாம். ஒண்ணியும் வேணாம்."

அஞ்சலை தன் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். பொய் என்றால் அந்த ஊரில் சங்கீதா காலத்துக்கும் பொய்க்காரி. நிஜம் என்றால் அன்றே கட்டுப்பாடு. அஞ்சலையின் உதடு பிரிந்தது. சங்கீதா எழுதியது என் கண் முன்னால் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

என் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'அம்மா, பயப்படாம உண்மையச் சொல்லுங்க, நாங்க இருக்கோம்.' முதல் சொல்லைச் சொல்லியும்விட்டேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. நாளைக்குக் காலையில் நான் எங்கே இருப்பேன்? கூடுவாஞ்சேரியில் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டு பேப்பர் படிப்பேன். நாளைக்குக் காலையில் இந்தம்மா எங்கே இருப்பார்? கூடையோடு கரையில், இதே முகங்களுக்கு நடுவில். அவரைத் தைரியமாக இருக்கச் சொல்ல நான் யார்?

"அவங்கள கேக்காதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவங்கள கேக்காதீங்க. என்னக் கேளுங்க."

"ஒனக்கு இன்னாயா வேல இங்க? வெளிய போ!" என்று பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். நாட்டார் கையமர்த்தினார்.

"அந்தப் பொண்ணு எழுதினது எனக்காக, மார்க்குக்காக. எழுதச் சொன்னது நான். பேரு போட்டுக் குடுக்கச் சொன்னது நான். அச்சுல போட்டதும் நான். வராந்தாவுல நிக்க வச்சு ஒரு வார்த்த கேட்டேன். என்கிட்ட அது மாட்டேன்னு சொல்ல முடியுமா? இவங்க வீட்டுக்கு வந்து இவங்கள கேக்கவே இல்ல. உங்களையும் கேக்கல. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

கை கூப்பினேன். இத்தனை பேர் முன்னால் நான் அதற்கு முன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவமானமாகத்தான் இருந்தது.

நாட்டார் விடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, ஒன்னியே கேக்கறேன். எழுதுனது நெசமா, பொய்யா?"

அது நிஜம் என்றுதான் நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கூடத்தில் என் நம்பிக்கைக்கு விலை கொடுக்கப் போவது நான் அல்ல. மேடம் என் மணிக்கட்டை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "அன்னைக்கு நான் இங்க இல்ல. நான் எப்படிச் சொல்றது? நான் செஞ்ச தப்பு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

வகுப்பிலோ கூட்டத்திலோ முப்பத்தோரு வருடத்தில் 'எனக்குத் தெரியாது' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாட்டார் மலரை மூடினார். "எத்தினி புக்கு அடிச்ச?"

"இருநூறு."

"அத்தினியும் இங்க வந்து சேரணும். போன்ல கீறதயும் அழிக்கச் சொல்லு. கட்டுப்பாடு வேணாம். எல்லாருக்கும் சம்மதமா?"

கைகள் எழுந்தன. நான் கைகளைப் பார்க்கவில்லை. கை தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கண்ணும் நாட்டாரிடம் போய்த் திரும்புவதைப் பார்த்தேன். அஞ்சலையின் கணவர் கண்ணும் போனது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியதும் அதே பயம்தான். அன்று அது எங்கள் பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். ஏகமனதாக நிறைவேறியது என்று என் கைப்பட எழுதிய அத்தனை தீர்மானங்களும் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தன.

வெளியே வந்தோம். ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டோரம் நின்றபோது அஞ்சலை வேகமாக நடந்து வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். அந்த அசட்டுத்தனம்கூட எனக்கு அன்று மிச்சம் இருந்தது.

"அம்மா, என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நான் யார்கிட்டயும் வேணாம்னு சொன்னதில்ல சார்" என்றார். "வூட்லயும் சொன்னதில்ல, ஊர்லயும் சொன்னதில்ல. நீ வூட்டுக்கு வந்து, 'அம்மா, இத்த போடட்டா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, உங்கிட்ட எனக்கு இன்னா பயம்? வேணாம்னு சொல்லியிருப்பேன். நல்லா சொல்லியிருப்பேன். நீதான் கேக்கல."

திரும்பி நடந்துவிட்டார். ஆட்டோவில் மேடம் என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன்.

இருநூறு பிரதிகளில் நூற்றுத் தொண்ணூற்றாறைத் திரட்டினேன். வீடு வீடாக, லைப்ரரி, ஹாஸ்டல், பிரின்சிபால் மேசை என்று பதினாறு நாள் அலைந்தேன். போனில் போனது போனதுதான். சங்கீதா படிப்பை முடித்தாள். இப்போது சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அந்த மணலில் பாதியில் கார்கள் நிற்கின்றன, பாதியில் கருவாடு காய்கிறது. மேடம் அடுத்த வருடமும் முதல் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டார். காகிதத்தைப் பைக்குள்தான் வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் சனிக்கிழமை வகுப்புகளை நிறுத்தினேன். சம்மதம் என்ற தலைப்பை அதற்குப் பிறகும் நடத்தினேன், ஆனால் அந்தப் பழைய நோட்ஸை வைத்து நடத்த முடியவில்லை.

உங்களிடம் இதைச் சொல்வது என்று முடிவானதும் அந்தம்மாவின் வீட்டுக்குப் போனேன். சொல்லப்போவதை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டார். சங்கீதா, அஞ்சலை என்ற பெயர்கள் அவர்களே எனக்குக் கொடுத்தவை, நிஜப் பெயர்கள் அல்ல. வாசித்து முடித்ததும் ஓர் இடத்தைச் சொல்லி, "அத்த எடுத்துடு" என்றார். எடுத்தேன். இன்னோர் இடம், "அதுவும் வேணாம்." அதையும் அடித்தேன். மூன்றாவது, கூடத்தில் கை தூக்கி முடித்ததும் அவர் நாட்டாரிடம் சொன்ன ஒரு வார்த்தை. என் கணக்கில் முழு விஷயத்துக்கும் உயிரே அதுதான். "இது மட்டும் இருக்கட்டுமேம்மா. ஏன் வேணாம்?" என்றேன்.

"ஏன்னு கேக்காத சார். வேணாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே, அவர் பார்க்கும்படி, பேனாவால் அந்த வரியை அடித்தேன்.